தைப்பூச நிலவும் அக்காவின் துருவ ஒளியும்

போன வருஷம் தைப்பூசத்தை ஒட்டி நடந்தது இது. நாங்கள் இருக்கிறது மொன்றியலில, வில்லரே பக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து என்ர அக்கா விசிட் விசாவில வந்து எங்களோட நிண்டா.

அக்கா பள்ளிக்கூடத்தில காலமெல்லாம் புவியியல் படிப்பிச்சவ. பென்சன் எடுத்தும் அந்தக் குரல் போகேல்லை. என்ர மனுசனையே "நிமிந்து இருங்கோ தம்பி" எண்டு அதட்டுவா. வந்த முதல் கிழமையே சொல்லிப்போட்டா: "எனக்கு நீர்வீழ்ச்சியும் வேண்டாம், கடையளும் வேண்டாம். ராவில வடக்கு வானத்தில தெரியிற துருவ ஒளியை ஒருக்காக் காட்டினாக் காணும்."

வருஷா வருஷம் அந்தப் பாடத்தைக் கரும்பலகையில பச்சைச் சோக்கால கீறிப் படிப்பிச்சவவாம். ஒருமுறை ஒரு பெட்டை எழும்பி, "ரீச்சர், நீங்கள் பாத்தனீங்களோ?" எண்டு கேட்டிட்டாளாம். "இல்லைப் பிள்ளை, பாத்தால் வந்து சொல்லுறன்" எண்டாவாம். அக்கா இதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. ஆனா அந்தக் கேள்வி இன்னும் அவவை விடேல்லை எண்டு எனக்கு விளங்கிச்சுது. முழங்கால் வருத்தத்தோட இவ்வளவு தூரம் இனி ஒருக்கா வரமாட்டா எண்டதும் எங்களுக்குத் தெரியும்.

மொன்றியலுக்குள்ள இருக்கிற வெளிச்சத்தில அது தெரியிறது அருமை. வடக்க அஞ்சாறு மணித்தியாலம் ஓடினால் ஒரு ஏரிக்கரையில வாடகைக்கு வீடு இருக்கெண்டு கேள்விப்பட்டன். நான் கார்டெறியில, அதுதான் சின்னப்பிள்ளையளைப் பாக்கிற இடத்தில, குசினி வேலை. பிரெஞ்சு எனக்குத் தண்ணிபட்ட பாடு. நானே போன் பண்ணினன். எப்ப வாறியள் எண்டு வீட்டுக்காரி கேட்டா.

அங்கதான் எங்கட மூளை வேலை செய்தது. சுவரில தொங்கின கலண்டரைக் கழட்டி மேசையில வைச்சு அக்காவும் நானும் ஆராய்ஞ்சம். அட்டமி, நவமி வேண்டாம். அமாவாசையைத் தள்ளு. தைப்பூசம்! அதைவிட நல்ல நாள் உண்டோ? முருகனே கூட்டிக்கொண்டு போவான் எண்டு வீட்டைப் பிடிச்சாச்சு. சூரியனின்ர கொந்தளிப்பு இப்ப நல்ல உச்சத்தில நிக்குது, துருவ ஒளி கூட வரும் எண்டு செய்தியிலயும் சொன்னபடியா, எந்த நாள் போனாலும் தெரியுமெண்டு எங்கட நினைப்பு.

தைப்பூசத்தண்டு கோயிலுக்குப் போய், நெத்தி நிறைய விபூதியோட வெளிக்கிட்டம். பொழுதுபட அங்க போய் இறங்கினால், ஐயோ, நிலவெண்டால் நிலவு! ஏரி உறைஞ்சு வெள்ளையாக் கிடக்கு, அதுக்கு மேல பூச நிலவு. கீழ விழுந்த ஊசியைத் தேடிப் பொறுக்கலாம். நட்சத்திரமே அங்கொண்டு இங்கொண்டுதான், துருவ ஒளி எங்க தெரியப்போகுது? தைப்பூசம் பறுவத்தில, அதுதான் முழுநிலவில, வாறது எண்டு எங்கட சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும். நல்ல நாளோ எண்டு பாத்த நாங்கள், நிலவைப் பற்றி யோசிக்கவேயில்லை.

என்ர மனுசன் மெல்லமா, "நான் அப்பவே நினைச்சனான்..." எண்டு இழுத்தார்.

"நினைச்சால் வாயைத் திறக்கிறதுதானே?" எண்டு பாய்ஞ்சன்.

"நீங்கள் ரண்டு பேரும் நாள் பாக்கேக்கை நான் வாய் திறக்கிறதோ?" எண்டார். அதுவும் ஞாயந்தான்.

அக்கா கனநேரம் வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா. "இதைப் படிப்பிச்ச நானே..." எண்டுபோட்டு, உள்ள போய் ஒரு மூலைக் கதிரையில இருந்திட்டா.

வீட்டுக்காரி அடுத்த வீட்டில தனிய இருக்கிறவ, அக்காவின்ர வயசுதான் இருக்கும். அடுப்புக்கு விறகு கொண்டு வந்தவ, ஏன் எல்லாரும் செத்தவீடு மாதிரி இருக்கிறியள் எண்டு விசாரிச்சா. கலண்டர் கதையைச் சொன்னன். குபீரெண்டு சிரிச்சா. எனக்கு வந்த கோவத்துக்கு! ஆனா பேந்து அக்காவுக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, போனில சூரியனின்ர படத்தைக் காட்டினா.

சூரியனின்ர கொந்தளிப்பு உச்சத்தில நிண்டாலும் எல்லா நாளும் ஒளி வராதாம். அதின்ர முகத்தில கறுப்பா ஒரு பெரிய திட்டு. அது எங்கட பக்கம் திரும்பேக்கை அதுக்குள்ளால வேகமாக் காத்து வீசும், ரண்டு மூண்டு நாளில பூமிக்கு வந்து சேரும், அப்பதான் வானம் ஆடும். நான் தமிழில சொல்லச் சொல்ல அக்கா இடையில மறிச்சா: "வெறும் காத்தில்லையடி, மின்னேற்றத் துகள் எண்டு சொல்லு." அந்த நிலைமையிலயும் திருத்தம்!

"நிலவில்லாத நாளில, இந்தத் திட்டு போனமுறை திரும்பேக்கை, இஞ்ச வானம் பச்சையாக் கிடந்தது" எண்டா வீட்டுக்காரி. "சூரியன் ஒருக்காச் சுத்தி வர ஏறக்குறைய நாலு கிழமை. அதே முகம் அடுத்த இருட்டு நாளை ஒட்டித் திரும்பி வரும். ஒளி வரலாம், வராமலும் விடலாம். வாருங்கோ, என்னட்டையே தங்கலாம்."

அடுத்த இருட்டு நாளெண்டால் அமாவாசை. அமாவாசைக்கு மறுநாள் பின்னேரம் அக்காவுக்குப் பிளேன். வழியில பனி கொட்டினால் பிளேன் கோவிந்தா. அதோட அமாவாசையில எங்கட வீட்டில ஒருத்தரும் தூரப் பயணம் வெளிக்கிடுறேல்லை, அது அக்கா அப்பாவுக்கு விரதம் பிடிக்கிற நாள். நான் மாட்டவே மாட்டன் எண்டு நிண்டன்.

அக்கா ஒரே பேச்சில முடிச்சா. "காலமை வெள்ளன சமைச்சுப் படைச்சிட்டுப் போவம். என்னைப் படிப்பிச்சு ரீச்சராக்கின அப்பா இதுக்கோ மறிக்கப் போறார்?"

அதுக்குப் பிறகு என்ர மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது. காலமை தேத்தண்ணியோட போனில சூரியனைப் பாக்கிறதுதான் வேலை. "அக்கா, திரும்புது, திரும்புது!" எண்டு குசினிக்கு ஓடி வருவார். கட்டின நாள் தொட்டு என்ர முகத்தை அப்பிடிப் பாத்த மனுசன் இல்லை.

அமாவாசையண்டு படைச்சிட்டு, பால்கனியில காகத்துக்குச் சோறு வைச்சம். காகத்தைக் காணேல்லை. ஒரு அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடிச்சுது. "அப்பாவுக்கும் அவசரம்" எண்டு அக்கா சிரிச்சா. மிச்சச் சாப்பாட்டைப் பெட்டியில கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம்.

அங்க போகேக்கை இருட்டிப்போச்சு. வடக்க மங்கலா, சாம்பல் நிறத்தில ஒரு பட்டை. "முகில்" எண்டுபோட்டு அக்கா உள்ள போகத் திரும்பினா. வீட்டுக்காரி "பொறுங்கோ" எண்டிட்டு போனை எடுத்தா. ஆரோ ஒருத்தரோட கதைச்சா, பேந்து இன்னொருத்தரோட. ஏரியைச் சுத்தியிருந்த வீடுகளின்ர வாசல் விளக்குகள் ஒண்டொண்டா அணைஞ்சுது. கடைசியாத் தன்ர வீட்டு விளக்கையும் அணைச்சா.

கண் இருட்டுக்குப் பழக, அந்தச் சாம்பல் பச்சையா மாறிச்சுது. பிறகு அசையத் தொடங்கிச்சுது, கொடியில காயப்போட்ட சேலை காத்துக்கு அசையிற மாதிரி. மேல மேல ஏறி எங்கட தலைக்கு நேர வந்திட்டுது.

அக்கா வகுப்புக் குரலில தொடங்கினா. "இஞ்ச எல்லாரும் கவனியுங்கோ. சூரியனில இருந்து வாற துகள்கள் பூமியின்ர காந்தப்புலத்தால துருவப் பக்கம்..." மிச்சம் வரேல்லை. ஒரு கையால என்னையும் மற்றக் கையால வீட்டுக்காரியையும் பிடிச்சுக்கொண்டு விக்கி விக்கி அழுதா. "நான் கீறினது பிழையடி. இது நிண்ட இடத்தில நிக்கிறேல்லை." நானும் அழுதன். என்ர மனுசன் தனக்குச் சளி எண்டார்.

பிறகு நாலு பேருமா இருந்து அப்பாவுக்குப் படைச்ச சோறு சாப்பிட்டம். மோர்மிளகாயைக் கடிச்சுப்போட்டு வீட்டுக்காரி துள்ளின துள்ளலை அக்கா இப்பவும் சொல்லிச் சிரிப்பா. மறுநாள் பிளேனுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேந்திட்டம்.

ஊருக்குப் போன அக்கா, அந்தக் கேள்வி கேட்ட பெட்டையைத் தேடிப் பிடிச்சா. அவளுக்கு இப்ப பேரப்பிள்ளையே இருக்காம். வாசலில நிண்டபடியே "பாத்திட்டன் பிள்ளை" எண்டு சொன்னவவாம். அண்டைக்கே எனக்குப் போன் எடுத்து, "சொல்லியாச்சடி" எண்டா.

இப்பவும் அமாவாசை வந்தால், வேலையால வந்து, ஒண்டும் தெரியாதெண்டு தெரிஞ்சும் எங்கட பால்கனியில வடக்கப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிப்பன். முன்பின் தெரியாத ஒருத்தி என்ர அக்காவுக்காக ஒரு ஏரிக்கரை முழுக்க விளக்கணைப்பிச்சவ எண்டதை நினைக்க, இவ்வளவு காலமும் பிழைக்க வந்த இடம் எண்டு சொல்லிக்கொண்டிருந்த இந்த ஊர் என்ர ஊராத் தெரியுது.