சத்தியமாக வெந்த பிரௌனி

வீட்டில் பிரௌனி செய்து விற்கும் தொழிலில், செய்வது பாதி வேலை. மற்றப் பாதி, அது வெந்துவிட்டது என்று சத்தியம் பண்ணுவது. வீட்டுக் குசினியில் கேக் சுடும் போறணை ஒன்றை வைத்துக்கொண்டு இதே பிழைப்பைப் பார்க்கும் சகோதரிகளே, சகோதரர்களே, நீங்களும் பண்ணியிருப்பீர்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். பிரௌனி கேக்குக்குச் சொந்தம்தான், ஆனால் கேக் அல்ல. மேலே கடுதாசி போல மெல்லிய பொருக்கு இருக்க வேண்டும். உள்ளே ஈரமாக, கடித்தால் பல்லோடு சற்று இழுபட வேண்டும். அந்த இழுவைக்காகத்தான் மாவைக் குறைக்கிறேன், சீனியைக் கூட்டுகிறேன், பேக்கிங் பவுடரைத் தொடுவதே இல்லை. நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே தட்டை வெளியே எடுத்துவிட்டால், ஆறும்போது அது தானாகவே இறுகிக்கொள்ளும். இதைப் பழகுவதற்குள் எத்தனையோ தட்டுகளைப் பாழாக்கினேன். அப்படிப் பாடுபட்டு வரவழைத்த ஈரத்தைத்தான் எங்கள் ஊரார் ஒரே சொல்லில் "வேகேல்லை" என்கிறார்கள்.

பலாலி வீதியில், எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, குளிர்பானமும் சிற்றுண்டியும் விற்கும் கூல்பார் வைத்திருக்கும் நானாதான் (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) என் பிரௌனியை ஒழுங்காக எடுப்பவர். வகுப்பு முடிந்து கம்பஸ் பிள்ளைகள் வந்துபோகும் கடை அது. அவருடைய கண்ணாடிப் பெட்டியில் எனக்கு ஒரு தட்டு வைக்க இடம் உண்டு. அந்த இடம் போனால் என் போறணையை மூடித் துணி போட்டு வைக்க வேண்டியதுதான். அதைப் பறிப்பதற்கு என் வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பாடுபட்டார்கள்.

ஈர்க்குச் சோதனை

முதலில் வந்தவர் இளைப்பாறிய ஒரு ரீச்சர். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்னிடம் நேராகவே ஓடர் தந்திருந்தார். எங்கள் ஊரில் கேக் வெந்ததா என்று பார்க்க ஈர்க்கால் குத்துவார்கள். ஈர்க்கு சுத்தமாக வெளியே வந்தால் கேக் சரி. இந்தச் சட்டம் பிரௌனிக்குச் செல்லாது. பிரௌனியில் குத்தும் ஈர்க்கில் ஈரத் துணிக்கை ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாவிட்டால் நான் அதைக் காயவிட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். ரீச்சர் தன் கைப்பைக்குள்ளிருந்து ஒரு ஈர்க்கை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். நான் தடுப்பதற்குள் மூலைத் துண்டில் ஒரு குத்து, நடுத்துண்டில் ஒரு குத்து. பிறகு விடைத்தாள் திருத்துகிறவர் போல வரிசையாக எல்லாவற்றிலும் குத்தினார். ஒவ்வொரு தரமும் ஈர்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பொருக்கு முழுவதும் ஓட்டை. பெட்டியை இழுத்து மூடப்போன என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "பயப்பிடாதை பிள்ளை, புது விளக்குமாத்திலை எடுத்ததுதான்."

ஆவி பிடித்த பிரௌனி

சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் ஒரு குடும்பம். சந்தைக்கு வந்த கணவர் நானாவின் கடையில் ஒரு பெட்டி பிரௌனி வாங்கிப்போனார். அன்று பின்னேரமே அவருடைய மனைவி தொலைபேசியில் வந்தார். "தங்கச்சி, நீங்கள் தந்தது வேகேல்லை. நான் இடியப்பத் தட்டிலை பரவி ஒருக்கா அவிச்சுப் பாத்தன். ஆவி நல்லா வந்தது. இப்ப களி மாதிரிக் கிடக்கு."

போறணையில் வெந்த ஒன்றை, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்கும் இடியப்பச் சட்டிக்கும் ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்க நினைத்தேன். பாதியை அவித்தவர், மீதிப் பாதியைக் கணவரிடம் கொடுத்து நானாவின் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் நான் தட்டோடு போனபோது கணவர் அங்கே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். கையில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாற வழியிலை நான் திண்டிட்டன், எனக்கெண்டால் ஒரு பிழையும் தெரியேல்லை, ஆனா அவ கேட்டா நானா திருப்பி எடுத்தவர் எண்டு சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை முட்டை

அடுத்து, வீட்டு விருந்துக்கு ஓடர் தர வந்த ஓர் அம்மா. வந்தவர்களில் இவர் ஒருவர்தான் வேகேல்லை என்று சொல்லாதவர். அதற்காகவே இவரை மன்னிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் விரதம், விருந்தாளிகள் வருகிறார்கள், முட்டை கூடாது, ஆனால் பிரௌனி வேண்டும். முட்டையையும் சீனியையும் நன்றாக அடித்தால்தான் அந்தப் பொருக்கும் இழுவையும் வரும், முட்டை இல்லாமல் வேறு ஏதாவது செய்து தருகிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு எனக்கு வழி சொன்னார்: "அப்ப வியாழக்கிழமையே முட்டையைப் போட்டு முடிச்சிடுங்கோ, வெள்ளிக்கிழமைக்கு அது கணக்கில்லைத்தானே."

நானாவின் கட்டளை

நானா நல்ல மனிதர். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது பட்டணத்தை விட்டுப் போய், திரும்பி வந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கடையைக் கட்டியெழுப்பியவர். வாடிக்கையாளரோடு தர்க்கம் பண்ணுவது அவருக்குப் பிடிக்காது. "தங்கச்சி, கடைக்கு வாற சனம் வேகேல்லை எண்டு சொல்லுறதைக் கேள். கேக் மாதிரிக் காயவிட்டுத் தா. இல்லாட்டி இந்த இடத்திலை நான் ரோல்ஸ் வைக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

பயந்துவிட்டேன். அன்றிரவு நித்திரையில்லை. அடுத்த தட்டைப் போறணையில் நெடுநேரம் விட்டேன். ஈர்க்கு சுத்தமாக வந்தது. எனக்கு அழுகை வந்தது. பொருக்கும் இல்லை, இழுவையும் இல்லை. தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடக்கூடிய ஒரு மண்ணிறக் கட்டி. அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கக் கடையிலேயே நின்றேன். ஒரு கம்பஸ் பிள்ளை வாங்கிக் கடித்தாள். இன்னொரு தரம் கடித்தாள். மிச்சத்தை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "நானா, இது எப்பத்தையான்? போன கிழமை செய்ததோ?"

புதுப் பெயர்

இடம் போகிறதென்றால் மரியாதையோடு போகட்டும் என்று, அடுத்த தட்டைப் பழையபடி ஈரமாகவே செய்து கொடுத்தேன். மறுநாள் வெறுந்தட்டை எடுத்து வரப் போனேன். தட்டு உண்மையிலேயே வெறுமையாக இருந்தது. எல்லாம் விற்றுப்போயிருந்தது. கண்ணாடியில் ஒரு கடுதாசி மட்டை ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் நானாவின் கையால்: "சொக்கலேட் தொதல்."

தொதல் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டு அடுப்பில் கை நோகக் கிண்டுவது. என்னுடையதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அடுப்பிலே கிண்டவும் இல்லை. இதை வரிசையாகச் சொன்னேன். நானா மேசையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி தங்கச்சி. பிரௌனி எண்டு வச்சா கேக்கெண்டு நினைச்சுத் திண்டிட்டு, வேகேல்லை எண்டுதுகள். தொதல் எண்டு வச்சா, நல்லா இழுபடுது எண்டு சந்தோசப்படுதுகள். நாளைக்கும் உந்தத் தொதலையே கொண்டு வா."

மறுநாள் கொண்டுபோனேன். வேறென்ன செய்வது. தட்டை வைக்கும்போதே ஒரு பெரியவர் ஒரு துண்டு வாங்கினார். நின்றபடியே கடித்தார். கண்ணை மூடி மென்றார். எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை. அவர் விரலை நக்கிவிட்டு, நானாவைப் பார்த்துச் சொன்னார்: "தொதல் நல்லாத்தான் இருக்கு நானா, ஆனா கொஞ்சம் கூடுதலா வெந்திட்டுது."

ஆக, என் பிரௌனி இன்று குடாநாட்டில் வேகாத கேக்காகவும் வெந்து மிஞ்சிய தொதலாகவும் அமோகமாக விற்பனையாகிறது. பிரௌனியாக மட்டும் இன்னும் ஒருவரும் வாங்கவில்லை.