எந்தப் படத்திலும் வராத தலைக்கவசம்

அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மாதம் ஒரு ஞாயிறு கைவினைச் சந்தை போடுவார்கள். அங்கே ஒரு மேசை பிடித்து, நானே கற்பனை செய்த விண்வெளித் தலைக்கவசம், கதிர்த் துப்பாக்கி, வேற்றுக்கிரகக் கருவி என்று அடுக்கி வைப்பேன். எல்லோரும் ஆசையாகத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த நொடி அந்தக் கேள்வி வரும்: "இது எந்தப் படத்துல வருது?"

எந்தப் படத்திலும் இல்லை, நானே யோசித்தது என்பேன். "ஓ, சும்மா பண்ணதா?" என்று கீழே வைத்துவிடுவார்கள். சும்மாவாம். தண்ணீர் கேனை வெட்டி, ஃபோம் ஒட்டி, பெயின்ட் அடித்து, முகக்கண்ணாடியில் விண்கல் உரசிய கீறல்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் போட்டு மூன்று வாரம் முதுகு ஒடிந்தது எனக்குத்தான் தெரியும். பக்கத்து மேசையில் பிரபலமான சினிமா முகமூடிகள் சுடச்சுடப் போய்க்கொண்டிருந்தன. வயிறு எரிந்தது.

அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி தலைக்கவசத்தைத் தூக்கிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டதும், "வடபழனியில ஒரு படத்துக்குச் செஞ்சதுக்கா. படம் பாதியிலயே நின்னுபோச்சு" என்று கதை அளந்தேன்.

அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு லைட்மேனா இருந்தாரு கண்ணு. கடைசியா அவரு வேல செஞ்ச படமும் அப்டிதான் பாதில நின்னுபூட்ச்சு. ஆகாசத்துல நடக்குற கதன்னு சொல்லிக்கினே இருப்பாரு. அப்பால அவரும் பூட்டாரு. இது அந்தப் படந்தானா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் தலையாட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேட்காமலே விலையைக் குறைத்தேன், செய்த பாவத்துக்குத் தள்ளுபடி மாதிரி. அவர் அதைக் கைக்குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அதுவும் பொய். நன்றாகவே இறங்கியது. ஆனால் மயிலாப்பூர் வீட்டில் கத்தரியும் ஃபோமுமாக உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாங்கிய அன்று அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு. "வூட்டுக்கே வா கண்ணு" என்றார்.

வடபழனி டிப்போவுக்குப் பின்னால் இரண்டாவது மாடி. ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அலமாரியில் கணவரின் படம். அதன் முன்னால் அவருடைய கட்டிங் பிளேயர், விரல் நுனி கருகிய கையுறை, நடுவில் என் தலைக்கவசம். மூன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல குடி, அப்பால சொல்லு" என்று டீயை நீட்டினார். குடித்தேன். அதற்குள் அவர் கணவரின் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"நீ செட்டுக்குப் போயிருப்பியே. இவரப் பாத்துகீறியா?"

அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். நான் சொல்ல வந்ததும் ஒன்றே ஒன்றுதான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்திருக்கேன்க்கா" என்றேன். "மேல, லைட்டு கட்டுற பலகையில நின்னுட்டு இருப்பாரு."

"ஆமா, மேலதான் நிப்பாரு" என்றார். அவர் அழவில்லை. படத்தை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எனக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார்.

அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.