மலேயா வாத்தியார்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கவே இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கறிக்குழம்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான் அப்பாவோடு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருப்பேன். பிள்ளை கூட இருந்தால் இவர் பொழுதோடு வீடு திரும்புவார் என்பது அம்மாவின் கணக்கு. செத்துப்போன ஒருவரைத் தேடி அலைகிறோம் என்பதுதான் பெரிய கொடுமை. உயிரோடு இருப்பவர் என்றால் ஒரு வாய் காப்பியாவது கொடுத்திருப்பார்.

தேடப்பட்டவர் அப்பாவின் தாத்தா. மலேயாவுக்கு வாத்தியாராகப் போனவர், அங்கேயே இறந்தும் போனவர். வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமும் இருக்கவில்லை, அப்பாவின் தலைமை ஆசிரியர் வாயைத் திறக்கும்வரை.

அப்பா பெரம்பலூரில் கணக்கு வாத்தியார். எங்கள் சனமோ தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனது. ஒருநாள் அந்தத் தலைமை ஆசிரியர், எல்லா ஆசிரியர்களும் கேட்க, பாராட்டுகிற தோரணையில், "ஒங்க வூட்ல ஒங்களுக்கு முன்னாடி யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க, இல்ல சார்?" என்றிருக்கிறார். அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எங்க தாத்தாவே மலேயாவுல வாத்தியாருங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சும்மா விடாமல், "அப்படியா! எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டதுதான் வினை. பதில் சொல்லாமல் இனி அந்த அறைக்குள் நிமிர்ந்து நுழைய முடியாது என்று அப்பா அம்மாவிடம் பொருமினார்.

மலேயாவிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள் என்று யார் சொன்னாலும் போனோம். உடையார்பாளையத்தில் ஒருவர் மத்தியானம் முழுக்கக் கண்டியைப் பற்றிப் பேசிவிட்டு, தான் மலேயாவுக்குப் போனதே இல்லை என்று கடைசியில் சொன்னார். ஜெயங்கொண்டத்தில் ஓர் அம்மாள், அப்பா வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மகனுக்குச் சட்டை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். தாத்தா பேரைக் கேள்விப்பட்டிருந்த இரண்டொருவரும், "ஆமாமா, பெரிய வாத்தியாருல்ல" என்றார்களே தவிர பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லவில்லை. எனக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. அப்பாவோ ஒவ்வொரு வாரமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடைசியில் கீழப்பழுவூரில், தாத்தாவோடு ஒரே கப்பலில் போய், ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, உலகச் சண்டை முடிந்ததும் திரும்பிவந்த ஒரு கிழவர் அகப்பட்டார். அப்பா பேரைச் சொல்லி விசாரித்ததும், கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வாத்தியாரு பேரனா நீ! அவருன்னா தோட்டமே நடுங்குமேப்பா."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எந்த ஸ்கூலுங்க?" என்றார்.

"ஸ்கூலா? ரப்பர் மரத்தடிதான்."

மரத்தடிப் பள்ளிக்கூடம் என்று அப்பா அதையும் ஏற்றுக்கொண்டார். "எத்தனை புள்ளைங்க படிச்சாங்க?"

"புள்ளைங்களா? எல்லாம் மீசை மொளச்ச ஆளுங்க."

முதியோர் கல்வி என்று அப்பா எனக்கு விளக்கம் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இதைக் கேட்டு முடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம். "என்ன பாடம் தாத்தா நடத்துனாரு?" என்று குறுக்கே விழுந்தேன்.

கிழவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பாடமா? கம்பு, பாப்பா. செலம்பம்!" கட்டிலோரம் கிடந்த ஊன்றுகோலை எடுத்து, உட்கார்ந்தபடியே ஒரு சுழற்றுச் சுழற்றினார். "அவரு கத்துக்குடுத்தப்பறம் எந்தக் கங்காணியும் எங்க மேல கைய வெக்கல." நான் கைதட்டிக் குதித்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷம்.

அப்பா கைதட்டவில்லை. "எழுத்துப் படிப்பு...?" என்று இழுத்தார்.

"அது ஏது? என்னைய மாதிரி அவரும் கைநாட்டுதான்" என்றார் கிழவர், பெருமை குறையாமல்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்தார். நானும் கம்பு சுற்றக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "பேசாம தின்னு" என்றார். பஸ் கிளம்பி வெகுநேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நாந்தான் மொதலா" என்றார்.

வகுப்பில் பத்துக்குள்கூட வந்தறியாத எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலாவதாக வந்த மனுஷன் இப்படியா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?