நாலாயிரம் பேருக்குப் போன மௌத்துச் செய்தி

சனூஸாவுக்கு ஒரு பழக்கம். யார் மெயில் போட்டாலும் பதில் போட்டுவிடுவாள். கப்பலுக்குப் பெயின்ற் விற்கிறவன் எங்கிருந்தோ விளம்பரம் அனுப்பினால்கூட "நன்றி, இப்போது தேவையில்லை" என்று எழுதுவாள். விளம்பரக்காரனுக்கும் மரியாதையா என்று கேலி செய்தால், "கேட்டவனுக்குப் பதில் சொல்லாம இரிக்கேலுமா, அண்ண?" என்பாள். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி, பன்னிரண்டு வருடமாகத் துறைமுகத்தடியில் உள்ள எங்கள் கப்பல் முகவர் கந்தோருக்கு வருகிறாள். நான் தவராசா, அங்கே சுங்கப் பத்திரங்கள் பார்க்கிறவன். இத்தனை வருடத்தில் வந்த மெயில் முகவரி ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை.

முதலாளி கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் உம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தானார். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம். அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் செய்தி போயாக வேண்டும். எனக்குச் சொல்லவில்லையே என்று ஒருவர் நினைத்தால் அது காலத்துக்கும் மனத்தாங்கல். "ஒருத்தரையும் விட்டுராதீங்க, மகள்" என்று ஹாஜியார் சனூஸாவிடம் போனில் அழுதுகொண்டே சொன்னார். அவள் விடவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் முகவரிகளுக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டாள். பெயின்ற் விற்கிறவனுக்கும் போனது.

திங்கட்கிழமை எங்கள் மெயில்கள் திரும்பி வரத் தொடங்கின. முன்பின் தெரியாதவர்கள் எரிச்சலில் குப்பை மெயில் என்று ஸ்பாம் பொத்தானை அமத்தியிருக்கிறார்கள். பாதி முகவரிகள் எப்போதோ கைவிடப்பட்டவை. குப்பை மெயில் அனுப்புகிறவர்களின் தடைப் பட்டியலில் எங்கள் கந்தோரின் பெயர் ஏறிவிட்டது. அதன் பிறகு நாங்கள் எதை அனுப்பினாலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

புதன்கிழமை விஷயம் கழுத்துக்கு வந்தது. எங்களுக்குத் தொடர்ந்து வேலை தருகிற சிங்கப்பூர் கம்பனி, தன் கப்பலுக்குத் துறைமுகத்தில் இடம் உறுதி என்று பின்னேரம் நாலு மணிக்குள் எழுத்தில் கேட்டது. இல்லாவிட்டால் வேறு முகவரைப் பார்ப்பார்களாம். போனில் சொன்னால் ஏற்கமாட்டார்கள். வேறு முகவரியிலிருந்து அனுப்பினால் மோசடி என்று நினைப்பார்கள். அந்தக் கம்பனி போனால் கந்தோரைப் பூட்டவேண்டியதுதான். ஐம்பத்தாறு வயதில் எனக்கு யார் வேலை தரப்போகிறார்கள்?

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஒரு படிவம் உண்டு. என்ன நடந்தது என்று அதில் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமையே சனூஸா "வைரஸ்" என்று எழுதிப் பார்த்தாள். உண்மைக் காரணத்தை எழுதுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று சும்மாவா சொன்னார்கள்!

"உள்ளதை எழுதினா என்ன, தங்கச்சி?" என்றேன்.

"அவங்க ஏத்துக்கொண்டா, உறுதி செய்யிற இலக்கம் ஹாஜியார்ட போனுக்குத்தானே வரும், அண்ண. அவருக்குச் சொல்லாம ஏலாது. உங்கட உம்மாட மௌத்துச் செய்தியச் சனம் குப்பையெண்டு தள்ளிட்டு எண்டு எந்த வாயால சொல்ற?"

மணி இரண்டு. அவள் எழும்பிப் போய் முகம் கழுவினாள். வந்து இருந்தாள். திரும்பவும் போய்க் கழுவினாள். அடக்கத்துக்குப் பிறகு ஹாஜியார் அன்றுதான் கந்தோருக்கு வந்து தன் அறையில் இருந்தார். கடைசியில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சனூஸா உள்ளே போனாள். முன்னால் போகத் துணிவில்லாமல் நான் பின்னால் போனேன்.

நின்றபடியே, தலையை நிமிர்த்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். "பிழை என்ட, ஹாஜியார்" என்று முடித்தாள்.

ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார்.

"உம்மாட செய்தியக் குப்பையெண்டா போட்ட?"

"ஓம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒருத்தரையும் விடாதீங்க எண்டு நான்தானே சொன்ன. கதிரையில இரிங்க, மகள். உள்ளத எழுதுங்க."

அவள் எழுதினாள். இரண்டு தடவை அழித்து எழுதினாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எட்டி வாசித்தேன்.

"இனிமேல் இப்பிடியொரு செய்தி அனுப்பமாட்டோம் எண்டு வாக்குக் குடுக்கட்டாம், ஹாஜியார்."

"எனக்கு இருந்தது ஒரு உம்மாதானே, தவராசா" என்றார் அவர். "இனி ஆருக்காக அனுப்பப்போறன்? குடுங்க, வாக்கு."

பிறகு போனில் வந்த உறுதி இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். சனூஸா கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தட்டினாள்.

நாங்கள் எங்கள் மேசைகளுக்குத் திரும்பினோம். மூன்றரைக்குத் தடை நீங்கியது. சிங்கப்பூருக்கு மெயில் போய், கிடைத்தது என்று பதிலும் வந்தது. உம்மாவின் செய்தி குப்பையாகிப் போன பிறகு, இந்த நல்ல செய்தியை ஹாஜியாரிடம் போய்ச் சொல்ல அவளால் முடியவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன்.