நாற்பது நிமிடத் தூரத்தில் ஓர் அண்ணன்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் தொழிலாளிக்கு ‘நிமிஷம்’ என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை செய்பவர்கள்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, பிடித்துக்கொள்வார். சாலையில் இருநூற்று நாற்பது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். விமானத்தில் அட்டவணைப்படி நாற்பது நிமிடம். ஆனால் வானத்தில் இருப்பது இருபத்தெட்டே நிமிடம். மீதிப் பன்னிரண்டு எங்கே போகிறது என்று தெரியாமல் மண்டை காய்ந்து, ஒரு மாதம் கடிகாரமும் கையுமாக அலைந்த ஆள். கதவு மூடியது, ஓடுபாதை வரை ஊர்ந்தது, இறங்கி மறுபடி ஊர்ந்தது எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கு நேரான பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

இத்தனை தெரிந்த மனுஷர் ஆறு வருடமாக அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அங்கே இதே வேலை பார்ப்பவர் அவருடைய சொந்த அண்ணன். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் அண்ணன் தன்னிடம் சொன்னார் என்று இவர் முறுக்கிக்கொள்ள, வார்த்தை தடித்து, பேச்சு நின்றுபோனது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு, இரண்டு பேருக்குமே.

ஆனால் தினமும் காலையில் அண்ணன் அங்கே ஏற்றுவதை இவர் இங்கே இறக்கியாக வேண்டும். அதே விமானம் திரும்பும்போது இவர் ஏற்றுவதை அண்ணன் இறக்கியாக வேண்டும். அந்த விமானத்தின் சரக்கறையில் நிமிர முடியாது, முட்டி போட்டுத்தான் வேலை. அதனால் அண்ணன் ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியையும் கதவைப் பார்த்து வைப்பார். இறக்குகிறவன் கை நீட்டினால் போதும். சண்டைக்குப் பிறகும் அது மாறவில்லை. இவரும் அப்படியே அடுக்கி அனுப்பினார்.

ஒரு புதன்கிழமை கதவைத் திறந்தால் பெட்டிகள் தாறுமாறாகக் கிடந்தன. வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமையும் மாறவில்லை. அண்ணனுக்கு என்ன ஆயிற்று? இறக்கி முடித்ததும் பெட்டி வண்டிக்குப் பின்னால் போய் நின்று அண்ணிக்குப் போன் போட்டார்.

“அண்ணி, நான்தான். அண்ணன் நல்லா இருக்காரா?”

“முதுகு பிடிச்சுக்கிச்சு, படுத்திருக்காரு. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பெட்டியெல்லாம் கோணல்மாணலா வந்துச்சு.”

அண்ணி சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா என்று தெரியவில்லை. போன் கை மாறியது. அண்ணன் எடுத்த எடுப்பில் கேட்டார்: “போன மழைக்காலத்துல நாலு நாள் உன் அடுக்கு வரல. காய்ச்சலாடா?”

காய்ச்சல்தான். அதை நிமிஷம் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

“ஆமாண்ணே.”

“எத்தனை தடவை போனை எடுத்தேன் தெரியுமா? அஞ்சாம் நாள் கைப்பிடியெல்லாம் என்னைப் பாத்து இருந்துச்சு. போனை வச்சுட்டேன். அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டேன்.”

நிமிஷத்துக்குக் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அன்றைய பெட்டிகளை ஏற்றி முடித்ததும் நேராக மேற்பார்வையாளரிடம் போய், அதே விமானத்தில் தனக்கும் ஓர் இடம் கேட்டார்.