மறுபடி அக்கா

"மறுபடி சொல்லுங்க சார், எனக்குப் பத்தலை" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை மேசையோடு ஒட்ட இழுத்துப் போட்டுக்கொள்கிறார். எதிரே இருக்கும் துறை அதிகாரிக்கு முகம் சுருங்குகிறது. ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாகிவிட்டது. இன்னும் இரண்டு முறையாவது சொல்ல வைக்காமல் இவர் விடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

நாடாளுமன்றக் குழு அறையில் இவருக்கு மறுபடி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அழைப்பதில்லை. "இதைவிட மோசமா வச்சிருப்பாங்கன்னு பயந்தேன், பரவாயில்லை" என்று அவரே சிரிப்பார். கேட்டதையே ஏன் கேட்கிறார் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. "மொத தடவை காகிதம் பேசும். ரெண்டாவது தடவை மேலதிகாரி பேசுவார். மூணாவது தடவைதான் அந்த மனுஷன் பேசுவார்."

உறுப்பினர் ஆவதற்கு முன்பு கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்கும் படத்துக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பது தொழில். இடது கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு தழும்பு. இன்றும் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, விரிசல் பார்த்த பிறகே குடிப்பார். குழுவுக்கு வந்த முதல் நாள், எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருக்க, இவர் ஜன்னலோரம் போய்ச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "இது என்னைக்காவது யார் தலையிலயாவது விழும்" என்றாராம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தினார்கள். சின்னக் கம்பெனி தொடங்க இனி வக்கீலைத் தேடி அலைய வேண்டாம், ஆயத்தமாக அச்சடித்த விதிகளில் கையெழுத்துப் போட்டால் போதும், வக்கீல் செலவு மிச்சம் என்றது அரசு. அந்த மிச்சம் நிஜம்தானா என்று பார்ப்பது இந்தக் குழுவின் வேலை. பாதி உறுப்பினர்களுக்கு இதைக் கேட்டாலே கொட்டாவி வரும். எதிர்க்கட்சி உறுப்பினரான வக்கீல் ஒருவர் மட்டும் அக்காவைச் சீண்டுவதற்காகவே விழித்திருப்பார்.

"எல்லாருக்கும் மிச்சம்னு சந்தோஷப்படுறீங்களே அக்கா, என் பொழப்பு என்னாவுறது?"

"உங்க பொழப்பு எங்க தம்பி போவும்? இன்னைக்கு மிச்சம் பிடிச்சவங்க நாளைக்கு அடிச்சுக்கிட்டு உங்க வாசலுக்குத்தானே வரணும்?"

கேலியாகத்தான் சொன்னார். சொன்ன வாய் அப்படியே நின்றது. அன்றிலிருந்து அதுவே அவர் கேள்வியாகிவிட்டது. தொடங்கும்போது மிச்சமானதைத் துறை கூட்டிச் சொல்கிறது. பிறகு சண்டையில் போனதை யார் கழித்தார்கள்?

கூட்டமில்லாத நாட்களில் சின்னக் கம்பெனிகளாகத் தேடிப் போய் முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஓர் அச்சகத்தில் சண்டை போட்டுக்கொண்ட கூட்டாளிகள் இருவர் கடைக்கு நடுவே பலகை அடித்திருந்தார்கள். இயந்திரம் ஒருவர் பக்கம், தாள் மற்றவர் பக்கம். "சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை" என்று குழுவில் வந்து சொன்னார்.

கடைசி அமர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான், கூடப் பிறந்த தம்பி. நண்பனோடு சேர்ந்து குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கம்பெனி நடத்துகிறவன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நாங்களும் அந்த அச்சடிச்ச விதியிலதான் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்குப் பாதி. ஒத்துவரலைன்னா யார் பேச்சு செல்லும்னு அதுல இல்லை. நாங்க சண்டை போடுவோம்னு யாரு கண்டா? இப்ப அவன் மூஞ்சிய நான் பாக்குறதில்லை, ரெண்டு கையெழுத்து இல்லாம வங்கியில ஒண்ணும் நடக்கலை. வேலையாளுங்க ஒவ்வொருத்தரா வேலையை விட்டு நிக்குறாங்க."

"இத்தனை நாளா ஏன்டா சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு. நாளைக்கு எங்க கதையையே எடுத்து வை அக்கா. இதைவிட நல்ல சாட்சி உனக்குக் கிடைக்குமா? நீ விடாம புடிச்சா விதியை மாத்துவாங்க, நாங்க பிழைச்சுக்குவோம்."

மடித்த சட்டையை உதறி, மறுபடியும் மடித்தார்.

"நாளைக்கு நான் வாயே தொறக்கக் கூடாதுடா. வீட்டாளுக்கு லாபம் இருக்கிற விஷயம்னா சொல்லிட்டு மேசையை விட்டு எந்திரிச்சுரணும். குழுவோட வழக்கம்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை பேரு வேணும்?"

"நல்ல அக்கா!" என்றான். எடுத்து வைத்த சோற்றைத் தொடாமல் போய்விட்டான்.

காலையில் குழுத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு விட்டா அறிக்கை முடிஞ்சுதும்மா. நீங்க இல்லன்னா இவங்க தலையாட்டிட்டுப் போயிருவாங்க."

"தெரியும் ஐயா" என்று மேசையை விட்டு எழுந்து, பார்வையாளர் வரிசைக்குப் போனார். அங்கே தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் அமர்ந்தார். அவன் திரும்பவில்லை.

அவர் விட்ட கேள்வியை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வக்கீல்தான் தொண்டையைச் செருமினார். ஆனால் வாயைத் திறந்தால் பிரிவும் உட்பிரிவுமாக வந்தது. அதிகாரி அதே பாஷையில் வழுக்கிக்கொண்டு போனார். ஒரு கட்டத்தில் வக்கீலுக்கு மேலே போக வழி தெரியவில்லை. தலையைத் திருப்பிப் பின்வரிசையில் அக்காவைத் தேடினார்.

"சொல்லு அக்கா, ஒரே வார்த்தை" என்று தம்பி முணுமுணுத்தான். அவர் அசையாததைப் பார்த்து, தானே எழப்போகிறவன்போல் கையை உயர்த்தினான். அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாதபடி தலையைக் குனிந்துகொண்டார்.

 வக்கீல் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"சட்டத்தை விடுங்க சார். ரெண்டு பேரு. ஆளுக்குப் பாதி. முட்டிக்கிட்டாங்க. கம்பெனி நின்னுபோச்சு. அந்த நஷ்டத்தை உங்க மிச்சத்துல கழிச்சீங்களா, இல்லையா?"

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார்.

"இல்லை. அதை நாங்கள் பார்க்கவில்லை" என்றார் அதிகாரி.

"அப்ப பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் அறிக்கை நிக்கட்டும்" என்றார் தலைவர்.

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்கள். அக்கா நிமிரவில்லை. தம்பியின் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.