என் அடுப்படிக்குப் பின்னால் ஒரு விமானம்

யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது, "அக்கா, அத்தான் எங்கை?" என்பதுதான். நானும் உள்ளதைச் சொல்லுவேன். "கீழை, பிளேனுக்குள்ளை இருக்கிறார்." நான் பகிடி விடுகிறேன் என்று அவள் சிரிப்பாள். இந்த நாட்டில் வீட்டுக்குக் கீழே மண்ணுக்குள் இன்னொரு வீடு உண்டு, பேஸ்மென்ற் என்பார்கள், அதற்குள் அத்தான் பல வருடமாக விமானம் கட்டுகிறார் என்று எப்படி அவளுக்கு விளங்கப்படுத்துவது?

நான் அதிகம் படித்தவள் இல்லை, எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நாங்கள் இருக்கிற இந்த லவாலில் சொந்த விமானம் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம் வேறு இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. இவர் மொன்றியலில் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். துண்டு துண்டாகச் செய்து கொடுத்த மனுசனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு முழுதாக ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மரத்தால் உடம்பு, இரண்டு பேர் முட்டிக்கொண்டு இருக்கலாம். சிறகுகள் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றன.

ஊரில் விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் பங்கருக்குள் ஓடினவர்கள். கறி கொதிக்கக் கொதிக்க அடுப்பை விட்டுவிட்டு, மண்ணுக்குள் இறங்கிக் காதைப் பொத்திக்கொண்டு கிடப்போம். பொம்பர் போன பிறகு மேலே வந்தால் கறி அடிப்பிடித்திருக்கும். வீடு இருக்கிறதே என்று அதையே சந்தோசமாகச் சாப்பிடுவோம். இங்கே எல்லாம் தலைகீழ். நான் மேலே நிற்கிறேன், விமானம் மண்ணுக்குள் இருக்கிறது. முதலில் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒருநாள் சிறகுக்குச் சீலை ஒட்ட, ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டார். பிடித்தேன். ஸ்திரிக்கைப் பெட்டியால் சூடு காட்டக் காட்ட, சீலை மேளத்தோல் போல இறுகியது. அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடைய விமானம் ஆயிற்று.

இடையில் எனக்கு ஒரு அடுப்படி கிடைத்தது. குளிர்காலத்தில் யன்னல் திறக்க முடியாது. மீன் பொரித்தால் குளிர்ச்சட்டையெல்லாம் மணக்கும். மகள் வேலைக்குப் போக வெட்கப்பட்டாள். அதனால் இவர் விமான வேலையை நிறுத்திவிட்டு, கீழேயே தன் கையால் எனக்கு ஒரு அடுப்படி கட்டித் தந்தார். சிங்க், அலுமாரி, ஒரு நல்ல சுவர். அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று இந்த வசந்தத்தில் விமானம் முடிந்து வெளியே எடுக்கப் போகும்போதுதான் பார்த்தார். விமானத்துக்கும், அதை வெளியே உருட்ட இருந்த ஒரே வழியான கீழ்க் கராஜுக்கும் நடுவில்!

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் முசியே ரெமி கட்டிட வேலை செய்து ஓய்ந்தவர். அவரும் இவருமாக மட்டைப்பெட்டிகளை ஒட்டி, விமானத்தின் உடம்பளவில் ஒரு பொம்மை செய்து ஒத்திகை பார்த்தார்கள். அது என் கறிவேப்பிலைச் சாடியைத் தட்டிவிட்டு, சுவரில் மூக்கை இடித்து நின்றது. எப்படித் திருப்பினாலும் போகவில்லை. தான் கட்டித் தந்ததை உடைக்கலாமா என்று என்னிடம் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. ரெமியைத் தூது அனுப்பினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதால் ரெமி சுவரைக் காட்டி, கையால் இடிப்பது போலச் செய்து, "மதாம், ஓகே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் முகம் வாடி, சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தநாள் காலை பார்த்தால் விமானத்தின் வாலில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு. பக்கத்தில் வாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன கோடு?"

"வாலை அறுத்துத்தான் எடுக்கவேணும். பேந்து ஒட்டலாம்." வாலைத் தடவினார் மனுசன்.

"உங்களுக்கென்ன விசரே? ஆர் அறுக்கச் சொன்னது?"

"அடுப்படியை உடைக்க விடமாட்டன் எண்டனீராம். ரெமி சொன்னவர்."

"நான் ஓம் எண்டெல்லே தலையாட்டினனான்!"

"எப்பிடி ஆட்டினனீர்?"

பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினேன். இவர் கதிரையில் விழுந்து சிரித்தார். "அது இவங்களுக்கு இல்லை எண்டெல்லோ விளங்கும்!"

"அப்ப அந்த மனுசன் கொண்டுவந்த கேக்குக்கெல்லாம் நான் வேண்டாமெண்டே சொல்லியிருக்கிறன்?"

"அதுதானே இப்ப கொண்டுவாறேல்லை."

பிறகு மெதுவாகக் கேட்டார். "உம்மடை அடுப்படி?"

"மேலை ஒண்டு கிடக்குத்தானே. பிளேன் வைச்சிருக்கிற வீடு கொஞ்சம் மீன் மணந்தால் என்ன?"

உடனே வேலியடிக்குப் போய், ரெமி பார்க்கத் தலையை மேலும் கீழுமாக உலக்கை போட்ட மாதிரி ஆட்டினேன். "வுய், வுய்!" என்று அவருடைய பாஷையிலேயே ஓம் சொன்னேன். அவரும் ஆட்டினார். பார்த்தவர்களுக்கு இரண்டு பேருக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

சனிக்கிழமை சுவர் விழுந்தது. புறப்பட முன் விமானத்தின் சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தேன். ரெமி அதை எடுத்து, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்று வைத்தேன். அது நசுங்க, விமானம் நகர்ந்தது. கராஜ் கதவுக்கு வெளியே மூக்கு வெயிலில் பளபளத்தது. வால் இன்னும் உள்ளே, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த என் அலுமாரிகளுக்கு நடுவில். முன்னாலிருந்து இவர், "தள்ளும், தள்ளும்!" என்று சின்னப்பிள்ளை போலக் கத்தினார். தள்ளத்தான் இரண்டு கையையும் வாலில் வைத்தேன். ஒரு கை தள்ளியது. மற்றக் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.